தட்டு கலையாமல் இறக்கிக் கொடுத்த தம்பிக்கு

கொடைக்கானல் சொந்தங்களுக்கு,

அப்பாவின் அலமாரி மழையில் நனைந்த அந்த ராத்திரியைப் பற்றி மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. உங்களுக்குத் தெரியாததும் இல்லை. அப்பாவின் புத்தகங்களும் பாட்டு நோட்டுகளும் நேற்றோடு காய்ந்துவிட்டன.

நனைந்ததைச் சுமந்தவர்கள், கூடத்தையும் ஃபேனையும் விட்டுக்கொடுத்தவர்கள், பழைய பேப்பரைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தவர்கள், பூஞ்சை பிடிக்கும் முன்னே மதுரையிலிருந்து ஓடிவந்து தாள் பிரிக்கச் சொல்லிக்கொடுத்த அம்மையார், எல்லோருக்கும் என் கும்பிடு.

பூம்பாறைத் தம்பியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிப் போகிறவர். நாங்கள் பதறிப்போய் அலமாரித் தட்டுகளிலிருந்து கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டிருந்தோம். அவர்தான் தடுத்தார்.

"அக்கா, இருங்க. எங்க மூட்டையில ஆளுக்கொரு குறி இருக்கும். கலந்துபோச்சுன்னா யாரு சரக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. தட்டுத் தட்டா இறக்குவோம்."

ஒரு தட்டுக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சாக்குக்குக் குறி போடும் மையால் 'மேல்தட்டு, சன்னல் பக்கம்' என்று எழுதினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி.

அந்தச் சன்னல் பக்கப் பெட்டியில்தான் அப்பாவின் குறிஞ்சி ராகக் கீர்த்தனை இருந்தது. 2006இல் மலையில் குறிஞ்சி பூத்தபோது பல்லவியைத் தொடங்கினார். அந்த ராகம் மேல் ஸட்ஜத்துக்கே, அதாவது மேல் 'ஸ'வுக்கே போகாது, அதற்குக் கீழே உள்ள தைவதத்தோடு ('த') திரும்பிவிட வேண்டும். அப்பாவோ மேலே போய்ப் போய் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறார். பதினாலு உதிரித் தாள்கள், ஒன்றிலும் தேதி இல்லை. ஒன்பதாம் தாளுக்கு அடியில் ஒரு தாலாட்டுத் தொகுப்பு. அதன் கடைசிப் பக்கத்தில், மன்னவனூரில் யாரோ பாடக் கேட்ட தாலாட்டைப் பென்சிலால் ஸ்வரப்படுத்தி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே இருந்த தாள்களில் அடித்தலே குறைந்துபோகிறது. அந்தத் தாலாட்டுதான் வழி காட்டியது போல, பாட்டு தைவதத்திலேயே நிறைவாக நிற்கிறது. முடிந்த பிரதியில் மட்டும் வருஷம் இருக்கிறது: 2018. மறுபடி பூத்த வருஷம்.

அடுக்கு கலைந்திருந்தால் இவை வெறும் பதினாலு தாள், ஒரு புத்தகம். ஜெர்மன் இசையமைப்பாளர் பீத்தோவன் 1827இல் இறந்த பிறகு அவருடைய வரைவு நோட்டுகள் ஏலத்துக்குப் போயின. பல நோட்டுகளின் தாள்களைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் தையல் ஓட்டையையும் மைக்கறையையும் பொருத்திப் பொருத்தித்தான் ஆராய்ச்சியாளர்கள் வரிசையை மீட்டார்கள். அத்தனை பேர் பட்ட பாட்டை எனக்கு இல்லாமல் செய்தது ஒரு பூண்டு வண்டிக்காரரின் தொழில் பழக்கம்.

அப்பா வைத்திருந்த வரிசையிலேயே அலமாரியில் அடுக்குகிறேன். இனி அதை யாரும் மாற்ற விடமாட்டேன். தம்பி, கூலியும் வாங்காமல் போய்விட்டீர்கள். வாடகைப் பெட்டி என்றீர்களே, அவை கழுவித் துடைத்து வாசலில் இருக்கின்றன. எடுக்க வரும்போது உங்கள் அம்மாவையும் கூட்டி வாருங்கள். அந்தக் கீர்த்தனையை உங்கள் இருவருக்கும்தான் முதலில் பாடிக்காட்ட வேண்டும்.