கொத்துக்குள் விழும் கேலக்ஸி உடனே அணைந்துவிடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், பல கேலக்ஸிகள் ஈர்ப்பால் ஒன்றுகூடிய கேலக்ஸிக் கொத்துகள் பற்றி வந்த கட்டுரையின் படங்கள் அருமை. ஆனால், கொத்துக்குள் நுழையும் கேலக்ஸியின் வாயுவைச் சூடான காற்று (கொத்தில் நிறைந்த வாயுவினூடே பாய்வதால் எதிரே அடிப்பது) வாரிக்கொண்டு போய்விடும், அத்தோடு அங்கே விண்மீன் பிறப்பு நின்றுவிடும், அதாவது கேலக்ஸி அணைந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது பாதிதான் சரி. காற்று அடிப்பது உண்மை. "அத்தோடு நின்றுவிடும்" என்பதில்தான் சிக்கல்.

கோமா போன்ற பெரிய கொத்தில் கேலக்ஸிகளுக்கு இடையே நிறைந்திருக்கும் வாயு பல கோடி டிகிரி சூடானது. ஆனால் மிகவும் மெலிந்தது. மையத்துக்கு அருகிலேயே லிட்டருக்குச் சில அணுக்கள்தான் தேறும். இதற்குள் ஒரு கேலக்ஸி நொடிக்கு 1,500 கி.மீ. வேகத்தில் பாய்ந்தால் என்ன ஆகும் என்று 1972-இல் கன், காட் என்ற வானியலாளர்கள் இருவரும் கணக்கிட்டார்கள். காற்றின் அழுத்தம் என்பது கொத்து வாயுவின் அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. எதிர்ப்பக்கத்தில் கேலக்ஸியின் வாயுவைப் பிடித்து வைத்திருப்பது, விண்மீன்களும் வாயுவும் சுழலும் தட்டின் ஈர்ப்பு. அதன் வலிமை, ஒரு சதுர பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) பரப்பில் எவ்வளவு விண்மீன் பொருளும் எவ்வளவு வாயுவும் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நம் சூரியன் இருக்கும் வட்டாரத்தில் விண்மீன்கள் சுமார் 40 சூரிய நிறை, வாயு சுமார் 10. இந்த எண்களைப் போட்டுப் பார்த்தால், பிடிமானம் காற்றின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வருகிறது. ஆக, பால்வீதியைக் கோமாவின் நடுவில் விட்டால் சூரியனைச் சுற்றியுள்ள வாயு பறிபோகும். விண்மீன்கள் நெருக்கமாக இருக்கும் மையப் பகுதியின் வாயு தாக்குப்பிடிக்கும். விண்மீன்களுக்கோ ஒன்றும் ஆகாது, அவற்றைத் தள்ள இந்தக் காற்றால் முடியாது.

எனவே உரிவது வெளியிலிருந்து உள்ளே. கன்னிக் கொத்தில் உள்ள என்.ஜி.சி. 4522 இதற்கு நல்ல சான்று. அதன் விண்மீன் தட்டு குலையாமல் இருக்கிறது. தட்டிலுள்ள அணுநிலை ஹைட்ரஜனோ மையத்திலிருந்து சுமார் 10,000 ஒளியாண்டு தூரத்தில் வெட்டினாற்போல் முடிந்துவிடுகிறது. ஹைட்ரஜனில் ஏறக்குறைய 40 விழுக்காடு தட்டுக்கு வெளியே ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறது. வெளித்தட்டில் பிறப்பு நின்று சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே இன்னும் நடக்கிறது. இதில் ஒரு முரணும் உண்டு. இந்தக் கேலக்ஸி, கன்னிக் கொத்தின் மையத்திலுள்ள எம் 87 கேலக்ஸியிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. அங்குள்ள வாயு அசையாமல் நின்றிருந்தால், கணக்குப்படி இவ்வளவு உரிவதற்குப் போதாது. கொத்தின் வாயுவே அலைந்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் பொருத்தமான விளக்கம். மையத்துக்கு அருகில் மட்டும்தான் ஆபத்து என்று கட்டுரையில் வரைந்திருந்த வட்டத்தை அதனால் அப்படியே நம்ப வேண்டாம்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று: காற்று அடிக்கும்போது பிறப்பு முதலில் கூடவும் செய்யும். வாயு அமுங்கி இறுகுவதே காரணம். சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றின் மியூஸ் என்ற நிறமாலைக் கருவியைக் கொண்டு நடந்த காஸ்ப் என்ற ஆய்வில், உரிந்துகொண்டிருக்கும் கேலக்ஸிகளின் தட்டுகளில் பிறப்பு வீதம், அதே நிறையுள்ள மற்றவற்றைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தது. உரிந்த வாலிலும் விண்மீன்கள் பிறக்கின்றன. ஜெல்லிமீன் கேலக்ஸி என்ற பெயருக்குக் காரணமே அந்த வால்கள்தான். ஏபெல் 85 கொத்தில், ஏறக்குறைய நம் பார்வைக் கோட்டிலேயே நொடிக்கு 3,000 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் விழும் ஜே.ஓ. 201 என்ற ஜெல்லிமீன் கேலக்ஸியை, நம் இந்தியச் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி படம் பிடித்தது. வால் பகுதியில் இளம் விண்மீன் முடிச்சுகள் தெளிவாகத் தெரிந்தன. தமிழ் இதழ் ஒன்று இதை விட்டது எனக்கு வருத்தமே.

ஆனால் காற்றையே முழுக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. கேலக்ஸியைச் சுற்றியுள்ள மெல்லிய வாயுப் போர்வைதான் தட்டுக்குப் புது வாயு வழங்குவது. கொத்துக்குள் நுழைந்ததும் அதுதான் முதலில் கழன்று போகும். தட்டில் இருக்கும் வாயுவுக்குக் கைபடாமலே வரவு மட்டும் நின்றுவிடும். வரத்துக்கால் அடைபட்ட ஏரியைப் போல, இருப்பதைக் கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான். இதை 1980-இல் லார்சன், டின்ஸ்லி, கால்ட்வெல் என்ற வானியலாளர்கள் முன்வைத்தார்கள். விண்மீன்கள் நேரடியாக உருவாகும் மூலக்கூறு வாயு தீர ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் ஆகும். அணுநிலை ஹைட்ரஜன் கைவசம் இருந்தால் இன்னும் நீளும்.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. வாயு சட்டென்று போனால், விண்மீன்களில் உள்ள கன தனிமங்களின் (ஹீலியத்தைவிடக் கனமானவற்றின்) அளவு அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். வரவு மட்டும் நின்றால், புது வாயு கலந்து நீர்த்துப் போகாததால், கடைசியாகப் பிறக்கும் விண்மீன்களில் அவை ஏறிக்கொண்டே போகும். 2015-இல் பெங், மயோலினோ, காக்ரேன் மூவரும் நமக்கு அருகிலுள்ள கேலக்ஸிகளை இவ்வாறு சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் இரண்டாவது வழியின் தடயமே கிடைத்தது. அணைய ஆன காலம் சுமார் 400 கோடி ஆண்டுகள். என் கணிப்பில், நெடுங்காலம் மெல்ல இளைத்துக் கடைசியில் வேகமாக அணைவதுதான் பொதுவான கதை; ஜெல்லிமீன்கள் கண்ணைக் கவரும் சிறுபான்மை.

மையத்திலிருந்து தூரம் கூடக் கூடச் சிவப்புக் கேலக்ஸிகள் (பிறப்பு நின்று பழைய விண்மீன்களே மிஞ்சியவை) குறைவதைக் காட்டிய, கட்டுரையின் வரைபடம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிறை மிகுந்த கேலக்ஸிகள் கொத்துக்கு வெளியேயும் தாமாகவே அணைகின்றன. ஒரே நிறை கொண்டவற்றை ஒப்பிட்டால்தான் சூழலின் பங்கு எவ்வளவு என்று தெரியும். தூரமும் வானத்தளத்தில் அளந்த தூரமே. நடுவில் தெரியும் கேலக்ஸி கொத்தின் முன்புறமோ பின்புறமோ பல லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கலாம். சிவப்பாகத் தெரிவதெல்லாம் அணைந்ததும் அல்ல: பக்கவாட்டில் திரும்பிய சுருள் கேலக்ஸி தூசியாலேயே சிவந்து தோன்றும். இவற்றோடு, பல கேலக்ஸிகள் சிறு குழுக்களாக இருந்தபோதே ஒரு பகுதி வாயுவை இழந்துவிட்டுத்தான் கொத்துக்கு வருகின்றன. அந்தக் கணக்கைக் கொத்தின் மேல் எழுதக் கூடாது. கேலக்ஸிகள் மோதி ஒன்றாவதும் பெரும்பாலும் அந்தக் குழுக்களில்தான். கொத்துக்குள் நொடிக்கு ஆயிரம் கி.மீ. வேகத்தில் கடப்பவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகுமே தவிர, எளிதில் ஒட்டாது.

பிறப்பு எப்போது நின்றது என்பதை அறிய ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியும் (சூடான இளம் விண்மீன்களைச் சுற்றிய ஹைட்ரஜன் தரும் சிவப்பொளி) புற ஊதா ஒளியும் சேர்ந்து வேண்டும். முன்னது கடந்த ஒரு கோடி ஆண்டுகளைக் காட்டும். பின்னது சுமார் 10 கோடி ஆண்டுகளை. புற ஊதா பளிச்சென்று இருந்து ஆல்ஃபா இல்லையென்றால் அண்மையில் அணைந்தது என்று பொருள். ஆனால் மையத்துக் கருந்துளையைச் சுற்றியுள்ள வாயுவும் ஆல்ஃபா ஒளியைத் தரும் என்பதால், அதைக் கழிக்காமல் பிறப்பு வீதம் எழுதினால் எண் வீங்கிவிடும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தின் மேல் 21 செ.மீ. ரேடியோ அலையில் வரைந்த ஹைட்ரஜன் வரைகோடுகளையும் சேர்த்துப் போடுங்கள். கன்னிக் கொத்தின் 53 கேலக்ஸிகளுக்கு அமெரிக்காவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கியால் எடுத்த வரைபடங்கள் உள்ளன. அவற்றில் என்.ஜி.சி. 4522-ஐயும், கொத்துக்கு வெளியே தனித்திருக்கும் ஏதாவது ஒரு சுருள் கேலக்ஸியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்