மாமாவுக்கு ஒரு கடிதம்: பாப்பா எடுக்கப்போற ரஷ்யன் படிப்பு

அன்புள்ள மாமாவுக்கு,

நோம்பிக்கு வந்தப்ப பந்தியில உட்கார்ந்து நீங்க கேட்டீங்க: "ஏங் கண்ணு, ரஷ்யாக்காரன் பேசறதைப் பேசறதுக்கு ஒரு டிகிரியா?" எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான். உங்க பொண்ணு பாப்பா மட்டும் பாதிச் சோத்துல எந்திரிச்சு கை கழுவப் போயிட்டா. அன்னைக்கே பதில் சொல்லாம விட்டது என் தப்புங்க. அதையே படிச்சவ நான்.

பொழப்பைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். மிஷின் மேனுவல், மருந்துக் கம்பெனிக் காகிதம், இதுகளை மொழிபெயர்க்கறதுதான் என் வேலை. கம்ப்யூட்டர் பெயர்த்துக் குடுத்ததுல தப்புப் பார்க்கறதே இப்பப் பாதி நாள் போயிருது. கூடங்குளம் அணுமின் நிலையம் மாதிரி ரஷ்யாக்காரங்க வந்து நிக்கிற இடத்துல நடுவுல பேசறதுக்கு ஆள் வேணும். வாத்தியார் வேலை கொஞ்சம் இருக்கு. 2022-ல உக்ரைன் போர் ஆரம்பிச்ச பிறகு வெளிநாட்டுக் கம்பெனிக நிறைய ரஷ்யாவை விட்டுப் போயிருச்சு, அதை நம்பியிருந்த வேலையும் அதோட போச்சு. லட்ச லட்சமா வருமுன்னு உங்ககிட்டப் பொய் சொல்லமாட்டேன். வயிறு காயாது, அவ்வளவுதான்.

ஆனா பாப்பாவுக்கு அந்தப் பாஷை வருமான்னும் கேட்டீங்கல்ல, அதுக்குத்தான் இந்தக் கடிதமே.

"நான் மாணவி"ன்னு தமிழ்ல ரெண்டே வார்த்தை. இங்கிலீஷ்ல நடுவுல 'ஆம்', 'எ'ன்னு ரெண்டைச் சொருகணும். ரஷ்யன்லயும் ரெண்டே வார்த்தைதான்: "யா ஸ்துதேந்த்கா". "எனக்குக் குளிருது"ங்கறோம்ல, அவங்களும் "ம்ன்யே ஹோலத்ன", அதாவது 'எனக்கு'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. பிடிச்சதைச் சொல்றதும் 'எனக்கு'ன்னுதான். 'படிச்சேன்', 'படிச்சுட்டேன்' ரெண்டுக்கும் நடுவுல நமக்கு ஒரு வித்தியாசம் தெரியுது பாருங்க, கிட்டத்தட்ட அதே வித்தியாசத்துக்கு அங்க வினைச்சொல்லே ஜோடி ஜோடியா நிக்குது: "சிதாலா", "ப்ரச்சிதாலா". எல்லா இடத்துலயும் பொருந்தாது, ஆனா புடிச்சு ஏற ஒரு கயிறு இருக்கு. டெல்லியில எங்கூடப் படிச்ச புள்ளைக இந்த ஜோடியில மாசக்கணக்கா மாட்டிக்கிட்டு முழிச்சப்ப, நான் உள்ளுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பார்த்துத் தப்பிச்சேன்.

சுலபம்னு நினைச்சுறாதீங்க. நமக்கு 'மூட்டை'ன்னா 'மூட்டையை', 'புது மூட்டை'ன்னா 'புது மூட்டையை'. 'புது' அசையாம நிக்கும். ரஷ்யன்ல வேற்றுமை ஆறுதான், ஆனா ஒவ்வொண்ணுலயும் மூட்டையோட சேர்ந்து 'புது'வும் உருமாறும், ஆண்பால் பெண்பால் பார்த்து, ஒருமை பன்மை பார்த்து. அப்புறம் ஓசை. "ப்ராத்"ன்னு கடைசி எழுத்தை வன்மையாச் சொன்னா கூடப்பொறந்தவன். அதே எழுத்தை நாக்கை மேலண்ணத்துல ஒட்டி மெதுவாச் சொன்னா 'எடுக்கறது'. நீங்க ஈரோட்டு மண்டியில விரலி மஞ்சளை ஒடிச்சு உள்நிறம் பார்த்து விலை சொல்லுவீங்களே, அந்த மாதிரி காதுல ஒடிச்சுப் பார்க்கணும். எனக்கு ஒரு வருஷம் ஆச்சுங்க.

முதல் வருஷ லீவுக்கு ஊருக்கு வந்துட்டுப் போய், "கோயமுத்தூருக்குப் போயிட்டு வந்தேன்"னு வகுப்புல ரஷ்யன்ல சொன்னேன். "ஹதீலா"ன்னு சொல்லிட்டேன். டீச்சரம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "அவ்வளவு தூரம் நடந்தேவா?"ன்னு கேட்டாங்க. நடந்து போறதுக்கு ஒரு சொல், வண்டியில போறதுக்கு வேற சொல். போய்ட்டிருக்கறதுக்கு ஒண்ணு, போய் வர்றதுக்கு இன்னொண்ணு. வருஷம் முடியற வரைக்கும் எனக்கு 'நடந்து வந்தவ'ன்னுதான் பேரு.

இந்தப் படிப்பு ரஷ்யனோட நிக்கறதில்ல. போலிஷ், செக், பல்கேரியன், உக்ரைன்னு அது ஒரு பெரிய பங்காளிக் கூட்டம். நம்ம ஊர்ல பெரும்பாலும் ரஷ்யன்தான் டிகிரி, டெல்லிப் பல்கலைக்கழகத்துல மத்ததும் சிலது சொல்லித்தர்றாங்க. உக்ரைன் பாஷை ரஷ்யனோட கொச்சைன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க. மலையாளத்தைக் கொச்சைத் தமிழ்னு சொன்னா பாலக்காட்டுக்காரர் விடுவாரா?

அப்புச்சியோட டிரங்குப் பெட்டியில மாஸ்கோவில அச்சடிச்ச தமிழ்ப் புத்தகம் கிடந்துச்சே, ஞாபகம் இருக்குங்களா? சல்லிக் காசுக்கு வாங்கினதுன்னு சொல்லுவாரு. தமிழாளுக மாஸ்கோவுலயே போய்த் தங்கி மொழிபெயர்த்த காலம் அது. சோவியத் 1991-ல உடைஞ்சதும் அந்தத் தமிழ்ப் புத்தகம் வர்றதும் நின்னுபோச்சு. இப்பத் தமிழ்ல வர்ற ரஷ்ய நாவல் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியாத்தான் வருது, ரெண்டு சல்லடையில சலிச்ச மாவு மாதிரி. அந்தப் பக்கம் மாஸ்கோ பல்கலைக்கழகத்துல அலெக்சாந்தர் துபியான்ஸ்கி பல வருஷம் தமிழ் சொல்லிக்குடுத்தாரு, 2020-ல காலமானாரு. அவர்கிட்டச் சங்கப்பாட்டு படிக்க வந்த புள்ளைகளோட அப்பாக்களும் உங்க கேள்வியைத்தான் கேட்டிருப்பாங்கன்னு நினைச்சுச் சிரிச்சுக்குவேன்.

சேர்றதுக்கு முன்னாடி ரஷ்யன் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. டெல்லியில இருக்கற ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துல (ஜேஎன்யூ) எழுத்துல இருந்தே ஆரம்பிப்பாங்க, 33 எழுத்து. சேர்றதுக்கு சியூஇடிங்கற பொது நுழைவுப் பரீட்சை எழுதணும். அதுக்குப் பாப்பா ஏற்கெனவே ராத்திரி உட்கார்ந்து படிச்சிட்டிருக்கா. உங்களுக்குத்தான் தெரியாது.

இன்னொண்ணுங்க மாமா. அங்க பெரியவங்களை மரியாதையாக் கூப்பிடணும்னா பேரோட அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிடுவாங்க. இவான் பொண்ணுன்னா 'இவானவ்னா'. எங்க டீச்சரம்மா முதல் நாளே ஒவ்வொருத்தர்கிட்டயும் அப்பா பேரைக் கேட்டு அப்படி ஒட்டி வச்சுட்டாங்க. எங்கப்பா அப்பத்தான் போய்ச் சேர்ந்து நாலு மாசம். பாப்பா பேருக்கு முன்னாடி ஒத்தை எழுத்தா நிக்கிறீங்களே, அங்க நீங்க முழுசா வந்து உட்காருவீங்க.

அடுத்த வாரம் ஊருக்கு வர்றேன். அத்தைகிட்ட ஒப்புட்டு சுடச் சொல்லுங்க.

அன்புடன்,
உங்க அக்கா மக