டிரான்ட்ஹைமிலிருந்து அப்பாவுக்கு

டிரான்ட்ஹைம், நார்வே
ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் நலம். அம்மாவின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில், "அந்த ஊரில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்தாவது பேசுவார்களா?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லாததால் எழுதுகிறேன்.

பேசுவார்கள், ஆனால் நெருங்கமாட்டார்கள். பேருந்தில் இருவர் அமரும் இருக்கையில் ஒருவர் இருந்தால், அடுத்து ஏறுபவர் காலியான வேறு இருக்கையைத் தேடிப் போவார். எதுவும் இல்லையென்றால் பலர் நின்றுகொண்டே வருவார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஏன் இன்னும் குழந்தை இல்லை, சம்பளம் எவ்வளவு, வீடு வாங்கியாயிற்றா என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. பெண்ணாகப் பிறந்து நம் ஊரில் வளர்ந்த எனக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் எதை அந்தரங்கம் என்கிறார்கள், எதைப் பொது என்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வியப்பு. சம்பளத்தை வாய்விட்டுக் கேட்காத இதே நாட்டில், ஒருவர் எவ்வளவு வருமானம் காட்டினார், எவ்வளவு வரி கட்டினார் என்பதை வரித்துறையின் இணையதளத்தில் மற்றவர் தேடிப் பார்க்கலாம். 2014 முதல், தேடியவர் யார் என்பதும் தேடப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். ஊரார் சேர்ந்து நடத்தும் நாட்டில் யார் எவ்வளவு தாங்குகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியவேண்டும் என்பது இவர்கள் கணக்கு. பிள்ளையை அடிப்பதையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். பெற்றோரே ஆனாலும் அடிக்கக் கூடாது என்று 1987 இல் சட்டம் இயற்றினார்கள். வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு போகட்டும் என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

எங்கள் நகரத்துக்கு எதிரே, கடற்கழியின் மறுகரையில், ஃபூசென் என்ற தீபகற்பம் இருக்கிறது. சாமி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பனிமான் மேய்க்கும் நிலம் அது. அங்கே ஸ்டூர்ஹைய்யா, ருவான் என்ற இரண்டு இடங்களிலும் சேர்த்து 151 காற்றாலைகளை நிறுத்தினார்கள். குளிர்காலத்தில் மான்கள் மேயக்கூடிய இடங்களே அவை. சுழலும் விசிறிகளுக்கு அருகே மான்கள் வருவதில்லை என்று மேய்ப்பவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021 அக்டோபர் 11 அன்று, உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, சிறுபான்மையினரின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டது, கொடுத்த உரிமங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலைகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. தீர்ப்பை வாங்குவதைவிட அதை நிறைவேற்ற வைப்பது கடினம் என்பது நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை, அப்பா.

ஏறத்தாழ 500 நாட்கள் கழிந்தபின், 2023 பிப்ரவரியில், சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் எரிசக்தி அமைச்சகத்தின் முன்கூடத்துக்குள் போய் அமர்ந்துவிட்டார்கள். நள்ளிரவில் காவலர்கள் அவர்களைத் தூக்கிச் சென்றார்கள். மறுபடியும் வந்து வாசல்களை மறித்தார்கள். திருவிழாவுக்கு உடுத்தும் தங்கள் மரபு ஆடையின் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு பலர் நின்றார்கள். தையலும் நூல்முடிச்சும் வெளியே தெரிய நிற்பது அவர்களுடைய எதிர்ப்பு முறை. மார்ச் 2 அன்று அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஏற்பட்ட உடன்பாடுகளின்படி காற்றாலைகள் அங்கேயே இருக்கின்றன; மேய்ப்பவர்களுக்கு வேறு மேய்ச்சல் நிலமும் ஈட்டுத்தொகையும் தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். இதை முழு நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் மனத்தில் நின்றது வேறொன்று. அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில், மதிய உணவு மேசையில், இதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. காற்றாலை நாட்டுக்குத் தேவை, பருவநிலைக்கு நல்லது என்று ஒருவர் சொன்னார். தீர்ப்பு தீர்ப்புதான், அரசே அதை மதிக்காவிட்டால் நாம் எதற்கு மதிக்க வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். தாளில் சுற்றிக் கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டே, அதுவரை தன் குடும்பத்தைப் பற்றி எதுவும் பேசியிராத ஒரு மூத்த பெண்மணி, தன் பாட்டி சாமி இனத்தவர் என்றும், பள்ளியில் அந்த மொழியைப் பேசவிடாமல் செய்ததால் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவே பாட்டி அஞ்சினார் என்றும் சொன்னார். யாரும் பேச்சை மாற்றவில்லை. பழையதை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. நாடாளுமன்றம் 2018 இல் அமைத்த உண்மை ஆணையம் இப்படிப்பட்ட கதைகளைத்தான் திரட்டி 2023 ஜூனில் அறிக்கையாகக் கொடுத்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது.

இங்கே எல்லாம் சரி என்று எழுத எனக்கு மனம் இல்லை. எங்கள் மாடியில் தனியாக வாழும் முதியவர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு பல நாள் கழித்தே எங்களுக்குத் தெரியவந்தது. தொந்தரவு செய்யக் கூடாது என்ற நினைப்பு, சில சமயம் கைவிடுவதாகவே ஆகிவிடுகிறது. நம் தெருவில் அப்படி நடக்காது.

நம் தெருவில் நடப்பது வேறு, அப்பா. அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொள்ளும் நாம், காலனி மக்களின் சுடுகாட்டுப் பாதையை வேலி போட்டு அடைத்தபோது, "நமக்கேன் ஊர் வம்பு" என்று இருந்துவிட்டோம். ஐப்பசி மழையில், முழங்கால் அளவு சேற்றில், வரப்பு வழியாக அவர்கள் பாடையைத் தூக்கிப் போனதை நம் மாடியிலிருந்து எல்லோரும் பார்த்தோம். வேலி போட்டவர் நமக்குச் சொந்தம் என்பதால் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அங்கேதான் நாம் பேசியிருக்க வேண்டும். சுடுகாட்டைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, 2015 இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சொந்தக்காரர் செய்தாலும் குற்றம்தான்.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். அதற்கு முன் நீங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம், நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தையும், நில விவரங்கள் எழுதிய அ-பதிவேட்டையும் பாருங்கள். அந்த இடம் வண்டிப்பாதை என்று இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். காலனியில் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் எழுந்து பேச விரும்பினால் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் பேசவேண்டும் என்றால் பேசுங்கள். உங்களிடம் படித்தவர்கள் அந்தச் சபையில் பாதிப்பேர் இருப்பார்கள், உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கோரிக்கையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். அங்கு எழுத மறுத்தால் திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியரிடம் கொடுக்கலாம். மனுவின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். புல எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். சித்தப்பா கோபித்துக்கொண்டால், எழுதியது நான்தான் என்று சொல்லுங்கள். நானே அவருடன் தொலைபேசியில் பேசுகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு. பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்