வாசகரின் கைக்கு எட்டும் நூலகத்தைக் கட்டித் தாருங்கள்

புதிய நூலகங்களை வடிவமைக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும், அந்த வரைபடங்களுக்கு ஒப்புதல் தரும் குழுவினருக்கும் ஒரு நூலகர் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நூலகம் என்றாலே இருண்ட அறையும் தூசி படிந்த அலமாரியும் என்றிருந்த எண்ணத்தை மாற்றியவர்கள் நீங்கள். அதற்காக உங்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். 26 ஆண்டுகள் நூலகப் பணியில் இருந்தவன் என்ற உரிமையில் ஒன்றைக் கேட்கிறேன்: கட்டடம் வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்பதை வரைவதற்கு முன்னால், உள்ளே ஒருவர் நூலைத் தேடி எடுத்து, உட்கார்ந்து, படித்து முடிக்கும் வரை என்ன நடக்கிறது என்பதை வரையுங்கள்.

நான் பணிபுரிந்த நூலகம் ஒன்று புதிய கட்டடத்துக்கு மாறியபோது அதன் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடியாக எழுந்தது. திறப்பு விழாப் படங்களில் அது கண்ணைப் பறித்தது. ஆனால் பிற்பகல் 3 மணிக்கு மேல் அங்கே யாராலும் படிக்க முடியவில்லை. வெயில் நகர நகர வாசகர்கள் நாற்காலிகளை உள்ளே இழுத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பக்க அலமாரிகளில் இருந்த சிவப்பு அட்டை நூல்களின் முதுகுகள் வெளிறி, தலைப்பைப் படிக்க இயலாத நிலைக்கு வந்துவிட்டன. நூலை வெளியே எடுத்தால் முன்னட்டை புத்தம் புதிதாகச் சிவந்திருக்கும். முதுகு மட்டும் வைக்கோல் நிறத்தில் இருக்கும். கடைசியில் பழைய செய்தித்தாள்களை ஒட்டித்தான் அந்தக் கண்ணாடியை மறைத்தோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பாரிசில் தொமினிக் பெரோ வடிவமைத்து 1996-இல் வாசகர்களுக்குத் திறக்கப்பட்ட பிரான்சு தேசிய நூலகத்தின் நான்கு கோபுரங்கள், விரித்து நிறுத்திய நான்கு நூல்களைப் போல எழுந்து நிற்கின்றன. நூல்களைக் கண்ணாடிக் கோபுரங்களில் அடுக்கிவிட்டு, படிக்க வரும் மனிதரைக் கீழ்த்தளத்தில் உட்கார வைத்த ஏற்பாடு அது. வெயிலிலிருந்து நூல்களைக் காக்கக் கண்ணாடிக்குப் பின்னால் மரத் தடுப்புகளை வைக்க வேண்டியிருந்தது.

வெளிச்சத்தைக் கையாளத் தெரிந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அல்வார் ஆல்தோ 1935-இல் கட்டி முடித்த வீபுரி நூலகத்தை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் ஒருமுறையேனும் ஆழ்ந்து பார்க்க வேண்டும் என்பேன். அன்று பின்லாந்திலும் இன்று ரஷ்யாவிலும் இருக்கும் அந்த ஊரின் நூலகக் கூரையில் 57 வட்டத் திறப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆழமான கூம்பு போல் அமைந்திருப்பதால் வெயில் நேரே உள்ளே விழுவதில்லை. கூம்பின் வெண்ணிறச் சுவரில் பட்டுச் சிதறி, பல திசைகளிலிருந்தும் மெல்லிய ஒளியாக இறங்குகிறது. அதனால் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் படிப்பவரின் தலையோ கையோ பக்கத்தின் மேல் அடர்ந்த நிழலை வீழ்த்துவதில்லை. ஒரு கூரையை வரையும்போது வாசகரின் கை நிழலை நினைத்துப் பார்த்த அந்த மனத்தைத்தான் நான் புதுமை என்று சொல்வேன்.

வெளிச்சத்துக்கு அடுத்தது வளர்ச்சி. நூலகம் வளரும் உயிர் என்பது நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளுள் கடைசி விதி. ஒரு துறையில் நூல்கள் பெருகும்போது அவற்றில் பாதியை வேறு தளத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தால், வரிசை உடைந்து வாசகர் அலைவார். 2004-இல் திறந்த சியாட்டில் மைய நூலகத்தில் ரெம் கூல்ஹாசும் அவருடைய குழுவினரும் இதற்கு அழகான விடை கண்டார்கள். நான்கு தளங்களின் வழியே ஒரே சாய்தளமாகச் சுழன்று ஏறும் அடுக்குப் பகுதியில், நூல்களைத் துறைவாரியாக வரிசைப்படுத்தும் டியூயி பகுப்பெண்கள் தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாமல் செல்கின்றன. ஒரு துறை பெருத்தால் அடுத்தது சற்றே நகர்ந்து இடம் கொடுக்கும். இப்படி நகர்த்துவதற்குத் தளம் வலுவாக இருக்க வேண்டும். நூலடுக்குகளைத் தாங்கும் தளத்துக்கு, மேசை நாற்காலி மட்டுமே உள்ள வாசிப்பறையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பளுவைத் தாங்கும் திறன் வேண்டும். செலவைக் குறைக்கச் சில பகுதிகளை மட்டும் வலுவாக்கினால், பின்னாளில் ஓர் அலமாரியைக்கூட இடம் மாற்ற முடியாது. குழுவினர் இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது படிக்கட்டுகள். படிக்கட்டுகளையே அலமாரிகளாகவும் இருக்கைகளாகவும் அடுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் 2019-இல் திறந்த ஹண்டர்ஸ் பாயிண்ட் நூலகத்தில் புனைகதை நூல்கள் மூன்று படிநிலைகளில் வைக்கப்பட்டன. அங்கே செல்லப் படிக்கட்டு மட்டுமே வழி. சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஊழியர்கள் நூலை எடுத்துத் தருவார்கள் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டில் வழக்கு வந்தது. நூல்களையும் இடம் மாற்ற வேண்டியதாயிற்று. எடுத்துத் தருவது ஈடாகாது, ஐயா. பெயர் தெரிந்த நூலைத்தான் கேட்டு வாங்க முடியும். பக்கத்தில் இருக்கும் பெயர் தெரியாத நூலைத் தற்செயலாகக் கண்டெடுக்கும் இன்பத்தை யாரும் எடுத்துத் தர முடியாது.

சீனாவின் தியான்ஜின் பின்ஹாய் நூலகம் 2017-இல் திறந்தபோது அதன் அலையலையான வெண்ணிற அடுக்குகள் உலகம் முழுவதும் படங்களாகப் பரவின. மேலடுக்குகளில் இருப்பவை நூல்கள் அல்ல, தகடுகளில் அச்சிட்ட நூல்களின் படங்கள். பின்புற அறைகள் வழியாக அந்த அடுக்குகளை அடையும்படிதான் முதலில் வரைந்திருந்தார்கள். கட்டுமான வேகத்தில் அந்த வழி கைவிடப்பட்டது. திறப்பு விழாத் தேதியை முன்கூட்டியே குறித்துவிட்டு வடிவமைப்பாளரை விரட்டும் குழுவினர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூரை வரை திறந்த நடுக்கூடம் வைத்தால், கீழே ஒரு குழந்தை கதைப் புத்தகம் கேட்பது மேல்தளத்தில் தேர்வுக்குப் படிப்பவரின் காதில் விழும். குழந்தையை அடக்குவது தீர்வல்ல. ஹெல்சிங்கியில் 2018-இல் திறந்த ஓடி நூலகத்தில் பேச்சும் நடமாட்டமும் தரைத்தளத்தில், தையல் இயந்திரமும் முப்பரிமாண அச்சுப் பொறியும் நடுத்தளத்தில், நூல்கள் மேல்தளத்தில் என்று பிரித்திருக்கிறார்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். வரைபடம் முடிவாகும் முன், ஓர் அலமாரி, ஒரு மேசை, ஒரு சன்னல் அடங்கிய பகுதியை உண்மையான அளவில் மாதிரியாகக் கட்டுங்கள். அங்கே சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும், பார்வை மங்கிய முதியவர் ஒருவரையும், ஒரு பள்ளிப் பிள்ளையையும் நூல் எடுக்கச் சொல்லுங்கள். நூல்கள் நிறைந்த தள்ளுவண்டியை நீங்களே ஒருமுறை தள்ளிப் பாருங்கள். வாசலில் விரற்கடை உயரத்துக்கு ஒரு மேடு இருந்தாலும் அது உங்கள் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். கட்டடம் திறந்து ஓராண்டு கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பிற்பகலில் வந்து, வாசகர்கள் நாற்காலிகளை எங்கே இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதை அடுத்த நூலகத்தின் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்