மூப்பர்களே, அந்தத் தம்பியைக் கூப்பிடுங்கள்

அன்புள்ள சபை மூப்பர்களுக்கு, ஸ்தோத்திரம்.

சில வாரங்களுக்கு முன் ஆராதனை முடிந்ததும் ஒரு வாலிபத் தம்பி, திறந்த வேதாகமத்தோடு மேடைப் பக்கம் வந்தான். அன்றைய பிரசங்கம் எரேமியா 29:11, உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம். "ஆறு மாதத்தில் உங்கள் கடனெல்லாம் தீரும், கர்த்தர் சொன்னார்" என்று போதகர் முடித்திருந்தார். தம்பி கேட்டது ஒன்றுதான்: "ஐயா, முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறதே?" உங்களில் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று அனுப்பிவிட்டார். அப்புறம் அவன் வரவில்லை.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வசனம் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், எழுபது வருஷம் முடியும்வரை ஊர் திரும்ப முடியாது என்று சொல்லும் கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். அவனும் "கர்த்தர் சொல்லுகிறார்" என்றுதான் சொன்னான். அதுவும் ஆலயத்தில், ஆசாரியர்கள் முன்னால். எரேமியாவே முதலில் "ஆமென்" என்றார், அவ்வளவு இனிமையான பேச்சு. ஆனால் பொய். அன்றைக்கு நாம் எரேமியாவைத் திறந்துவைத்துக்கொண்டு அனனியாவைப் பிரசங்கித்தோம்.

தம்பியின் வாயை அடைத்த வசனம் சங்கீதம் 105:15. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் பரதேசிகளாய்த் திரிந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கர்த்தர் கடிந்துகொண்டதைத்தான் அது சொல்கிறது. போதகரிடம் கேள்வி கேட்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தியோகியாவில் பேதுருவையே பவுல் முகமுகமாய் எதிர்த்தார். அந்தப் பவுலின் பேச்சையும் பெரோயா பட்டணத்தார் தினமும் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். இதை அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதிய லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்கிறார். நாம் தம்பிக்கு வைத்த பேர் வேறு.

ஹரோல்டு கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் போதகர் நியாயத்தீர்ப்பு வரும் என்று 2011 மே 21ஐக் குறித்தார். ஒன்றும் நடக்கவில்லை. அக்டோபர் 21 என்றார், அதுவும் போனது. மறு வருஷம், நாள் குறித்தது பாவம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்படியொரு ஒப்புக்கொள்ளுதலைக்கூட நம் மேடையில் நான் கேட்டதில்லை.

சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தையல்ல என்கிறது உபாகமம் 18:22. (நடந்தாலும் அது மட்டும் போதாது என்கிறது 13ஆம் அதிகாரம், அது தனிப் பேச்சு.) சரி, நடந்ததா என்று பார்க்க, சொன்னதை எழுதி வைத்திருக்க வேண்டாமா? காணிக்கைக் கணக்கை வாரம் தவறாமல் எழுதுகிறோம். "கர்த்தர் சொன்னார்" என்று மேடையில் சொல்லப்படுவதையும் தேதி போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். அந்த ஆறு மாதம் முதல் வரியாக இருக்கட்டும்.

பிறகு, தம்பியின் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். போனில் அவனோடு பேசினேன். "அந்த எழுபது வருஷத்துக்கு யாராவது பதில் சொன்னார்களா அண்ணா?" என்றுதான் முதலில் கேட்டான்.

இப்படிக்கு,
சபையின் அங்கத்தினன் ஒருவன்