ஈர நெல்லிலிருந்து ஆரம்பிக்கலாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலாம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே?

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இருபது வருசம் கழித்து டெல்டா விவசாயம் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் உழவர் குழு எழுதி வைக்கப் போகிறது என்றதும், "உங்க பங்குக்கு நீங்க என்னப்பா எழுதப் போறீங்க?" என்றாய். போனில் எனக்கு அதெல்லாம் வராது. பேனாவைப் பிடித்தால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கூட்டத்தில் எடுத்த எடுப்பில் எல்லாரும் 2020ஆம் வருசச் சட்டத்தைச் சொன்னார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயின. மயிலாடுதுறை அப்போது நாகையோடு இருந்தது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இனிமேல் புதுக்கிணறு தோண்ட முடியாது. தாமிர உருக்காலையோ தோல் ஆலையோ வர முடியாது. ஏற்கெனவே இருந்த கிணறுகளை அது தொடவில்லை. நிலத்தைக் காப்பாற்றச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தன், உனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் எது வரக்கூடாது என்பதோடு அது நின்றுவிடுகிறது. உழுகிறவன் பிள்ளை இருபது வருசம் கழித்தும் ஊரில் எதற்காக இருப்பான் என்பதை நாங்கள்தான் எழுத வேண்டும்.

தண்ணீர்ப் பேச்சு ரொம்ப நேரம் ஓடியது. ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறக்கும், குறுவை நெல்லுக்கு நாற்று விடலாம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 2012 முதல் 2019 வரை எட்டு வருசத்தில் ஒரு தடவைகூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. கர்நாடகம் வருசத்துக்கு நமக்கு விட வேண்டிய தண்ணீர் 192 டி.எம்.சி. என்று காவிரி நடுவர் மன்றம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. ஆகவே தண்ணீர் வருகிற வருசத்துக்கு ஒரு சாகுபடிக் கணக்கும் வராத வருசத்துக்கு இன்னொரு கணக்கும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்தது ஈர நெல் சங்கதி.

போன குறுவையில் அறுத்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுவது புதிதல்ல. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் நெல் 21 காட்டியது. காய வைத்து எடுத்து வாருங்கள் என்றார்கள். எங்கே காய வைப்பது? களம் முழுக்கச் சேறு. ரோட்டில் பாதியை அடைத்துக் கொட்டி, ஓரமாகக் கல் வைத்து, நானும் அம்மாவும் காலால் கிளறிக்கொண்டே நடந்தோம். தூறினால் குவித்துத் தார்ப்பாய் போடுவோம், வெயில் எட்டிப் பார்த்தால் பரப்புவோம். நாலாம் நாள் விடியற்காலை தார்ப்பாய்க்குள் கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. புளித்த வாடை. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் நெல்முனையில் வெள்ளை வெள்ளையாக முளை. விதைநெல்லில் அந்த முளையைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். அன்றைக்கு அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

விளைச்சலைக் கூட்டுவது பற்றி எத்தனை பேர் பேசினார்கள் தெரியுமா? காய வைக்க இடமில்லாதவனுக்கு இன்னும் ஐந்து மூட்டை கூடுதலாக விளைந்தால், நனைவதற்கு இன்னும் ஐந்து மூட்டை. நீ தஞ்சாவூரில் உணவுப் பதனம் படித்தபோது, அந்த நிறுவனத்தின் வேரே 1967இல் திருவாரூரில் ஈர நெல்லை என்ன செய்வது என்று பார்க்க ஆரம்பித்த ஆராய்ச்சிக்கூடம்தான் என்று சொன்னாய். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருக்கிறது. அத்தனை வருசத்துக்கு முன்பே கேட்ட கேள்வி, நான் இன்னும் ரோட்டில் கிளறிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் நான் எழுதப்போவது இதுதான். நாலைந்து ஊருக்குப் பொதுவாக ஓர் உலர்த்தும் இயந்திரம், பக்கத்திலேயே கிடங்கு, நடத்துவது நம் ஆட்களே சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. எரிக்க அது போதாதா? அது நிலைத்த பிறகு அரவை, அப்புறம் தவிடு. தவிட்டை உடனே பக்குவம் பண்ணாவிட்டால் காறிப்போய்விடும் என்பாயே, அதையும் சேர்த்தே எழுதுகிறேன். படித்த பிள்ளைகளுக்கு ஊரிலேயே சம்பளம் கிடைக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

இன்னொன்று உளுந்து. சம்பா நெல் அறுப்புக்கு ஏழெட்டு நாள் இருக்கும்போது, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உன் தாத்தா உளுந்தைத் தெளிப்பார். அதற்குப்பிறகு தண்ணீர் கிடையாது, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான். இப்போது அறுப்பு இயந்திரம் இறங்கினால் முளைத்ததெல்லாம் அதன் சக்கரப் பட்டைக்கு அடியில் நசுங்கிவிடுகிறது. அறுக்க ஆள் இல்லை, இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து பருப்பு வாங்குகிற நாட்டில், தை முடிந்ததும் நம் வயல் சும்மா கிடப்பதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சிக்காரர்களும் வம்பன் பயறு ஆராய்ச்சிக்காரர்களும் ஒரே வயலில் வந்து நின்று, அறுத்த பிறகு விதைத்தாலும் தாங்குகிற மாதிரி வழி சொல்ல வேண்டும்.

உன்னை ஊருக்கு வந்துவிடு என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடு. ஒரு நாளைக்கு 40 கிலோ சிப்பம் 500 வந்தால், ஈரத்தை 21லிருந்து 17க்கு இறக்க எத்தனை மணி நேரம் பிடிக்கும், எவ்வளவு உமி வேண்டும், எத்தனை ஆள்? நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது? அமாவாசை கழித்து அடுத்த கூட்டம், அதற்குள் அனுப்பு. தமிழிலேயே எழுது, அப்படியே வாசித்துவிடுகிறேன்.

உளுந்து இரண்டு படி அம்மா உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். உடைத்து அனுப்பவா, முழுசாகவே அனுப்பவா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா