எங்கள் தெருவுக்கு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெருவில் பந்து விளையாடும் பையன்களால் பெரிய தொந்தரவு, போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். நான் பெரம்பூரில் ஒரு முட்டுச்சந்தில் தேய்ப்பு வண்டி வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் கரி எடுத்துக் கொடுக்க வந்த காலத்தையும் சேர்த்தால் இதே புங்க மரத்தடியில் நாற்பது வருஷம். அவர் சொல்லும் தொந்தரவில் என்னைவிட அடிபட்டவர் இருக்க மாட்டார். ஒருமுறை ரப்பர் பந்து ஒன்று, கரி போடத் திறந்து வைத்திருந்த பெட்டிக்குள்ளேயே வந்து விழுந்தது. இடுக்கியைத் தேடி எடுப்பதற்குள் உருகிப் புகைந்து, கறுப்பாக ஒரு பிசின் தெறித்து, ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை போயிற்று. காசு நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து என் வண்டியில் பந்து பட்டால் பேட்ஸ்மேன் அவுட் என்று சட்டம் போட்டிருக்கிறோம்.

அப்படியும் நான் பையன்கள் பக்கம்தான்.

எங்கள் தெரு என் காலுக்கு 160 தப்படி. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சேர்த்து 31 கார். நான் சின்னப் பையனாக வந்தபோது இங்கே நின்றவை ஒரு ஸ்கூட்டர், ஒரு ரிக்‌ஷா, அப்புறம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள்கள். நடுத்தெருவில் வட்டம் போட்டுப் பம்பரம் விடுவோம். மற்றவர்கள் பம்பரத்தின் ஆணிக்குத்தை, அதாவது ஆக்கர் மேல் ஆக்கர் வாங்கி மண்டை பிளந்த பம்பரத்தை டிராயர் பையில் போட்டுக்கொண்டு அழுதபடி வீட்டுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். 'அபீட்டு' என்று சென்னையில் எல்லோரும் சொல்கிறார்களே, சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் சுண்டிக் கைக்குக் கொண்டுவருவதற்கு நாங்கள் சொன்ன வார்த்தை அது. இப்போது வார்த்தை மட்டும்தான் ஊரில் சுற்றுகிறது.

மைதானத்துக்குப் போகட்டுமே என்கிறார் வாசகர். போகலாம். மைதானத்தில் ஆடினால் பெரிய ஆளாகவும் ஆகலாம், 'சென்னையின் எஃப்.சி.' கால்பந்து அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் பக்கத்து வியாசர்பாடிக்காரர்தான். ஆனால் என் பேரனுக்கு எட்டு வயது. மைதானத்துக்குப் போக மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டிப் போனாலும் அங்கே காலேஜ் பையன்கள் ஆடுகிற ஆட்டத்தில் அவன் ஒப்புக்குச் சப்பாணி, பந்து பொறுக்கலாம். வாடகைக்கு விடுகிற டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானம் என்றால் மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். மாநகராட்சியே 2024 அக்டோபரில் 9 கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. நான் ஒரு சட்டைக்கு வாங்குவது 10 ரூபாய். பேரன் ஒரு மணி நேரம் ஆட நான் 12 சட்டை தேய்க்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிட்டார்கள், நல்லது. எங்கள் தெருவில் ராப்பகலாக நிற்கிற 31 காருக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு ரூபாய் கேட்டதில்லை.

என்னிடம் துணி போடுகிற ஒரு பிளான் இன்ஜினியர் சொன்னார்: 3,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனையில் கட்டடம் கட்டினால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டுமாம். 10,000 சதுர மீட்டர் வரைக்கும், இடம் விட முடியாவிட்டால் அதற்குப் பணமாகக் கட்டிவிடலாமாம். பணத்தின்மேல் நொண்டியடிக்கப் பாண்டிக் கட்டம் போட முடியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு பேன்ட்டுக்கு மடிப்பு கத்தி மாதிரி நிற்கணும் என்று சொல்லிப் போய்விட்டார்.

பாண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. பையன்களாவது சண்டை போட்டு இடம் பிடிக்கிறார்கள், பெண் குழந்தைகள் வாசலோடு நின்றுவிட்டார்கள். போன மாதம் மூன்றாவது வீட்டுச் சிறுமி இரண்டு காருக்கு நடுவே சாக்பீஸால் பாண்டி போட்டாள். எட்டுக் கட்டம் வேண்டும், ஆறுக்குத்தான் இடம் இருந்தது. ஏழாவது, எட்டாவது கட்டம் பம்பருக்கு அடியில். சில்லைப் போட்டு நொண்டி வந்தவள் ஆறாவது கட்டத்தில் தடுமாறி, திரும்பப் பிடிமானத்துக்குக் கார் பானெட்டில் கை வைத்தாள். அவ்வளவுதான், கார் கூவ ஆரம்பித்துவிட்டது. நாலு பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் சில்லைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டாள். இரண்டு நாள் கழித்து விளக்குக் கம்பத்தில் 'இங்கே விளையாடக் கூடாது' என்று ஓர் அட்டை தொங்கியது. யார் மாட்டியது என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அவருக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்க வேண்டும், அதுவும் நியாயம்தான்.

அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான். ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை, தெருவின் கடைசி 100 அடி. மேற்கொண்டு வழி இல்லாத முட்டு என்பதால் கடந்து போகிற வண்டி எதுவும் கிடையாது. அங்கே நிற்பவை 7 கார். அதில் இரண்டு, மாசக்கணக்கில் நகர்ந்து நான் பார்க்கவில்லை. கண்ணாடித் தூசியில் பையன்கள் விரலால் ஸ்கோர் எழுதுகிறார்கள். மற்ற ஐந்தையும் இரண்டு மணி நேரம் வெளியே எடுத்து நிறுத்தலாம். பெசன்ட் நகரில் 2014-ல் ஞாயிறு காலைகளில் கடற்கரைச் சாலையில் வண்டி விடாமல் ஜனங்களுக்கு விட்டார்களே, மாநகராட்சியும் போலீசும் சேர்ந்து செய்ததுதானே? எங்களுக்குக் கடற்கரையும் வேண்டாம், மேடையும் மைக்கும் வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு இரும்புத் தடுப்பும் ஒரு அனுமதிக் கடிதமும் கொடுத்தால் போதும்.

தடுப்பை நான்கு மணிக்கு இழுத்து வைப்பதும், ஆறு மணிக்கு ஓரம்கட்டுவதும், நடுவில் ஆம்புலன்ஸோ ஆட்டோவோ வந்தால் விலக்குவதும் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் நான் துணி கொடுத்து முடித்துவிடுவேன். அந்தச் சிறுமியின் சில்லு என் வண்டி டிராயரில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தேய்ப்பு வண்டிக்காரர்,
பெரம்பூர், சென்னை.